பர்காஸ்: சாலை தண்ணீரில் தொடரும் தீவு நகராட்சி (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பின்லாந்தின் தென்மேற்கு மூலையில், பெரும்பான்மையோர் ஸ்வீடிஷ் பேசும் ஒரு தீவு நகராட்சி பர்காஸ். அதைப் பற்றிப் பேச்செடுத்தால் சில கேள்விகள் தவறாமல் வரும். "அது ஸ்வீடன்தானே?" என்பதில் தொடங்கி "படகு தவறிவிட்டால் என்ன செய்வார்கள்?" என்பது வரை. திரும்பத் திரும்பத் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைப்பது மேல் என்று தோன்றியது.

பர்காஸ் எந்த நாட்டில் இருக்கிறது?

பின்லாந்தில். ஹெல்சிங்கியிலிருந்து மேற்கே ரயிலில் இரண்டு மணி நேரம் போனால் துர்க்கு என்ற பழைய துறைமுக நகரம். அங்கிருந்து தெற்கே சுமார் 25 கிலோமீட்டர் போனால் பர்காஸ். துர்க்குவுக்கு ஸ்வீடிஷில் ஓபூ என்று பெயர். அதனால் சுற்றியுள்ள ஸ்வீடிஷ் பேசும் தீவுப் பகுதியை ஓபூலாந்து என்பார்கள்.

ஸ்வீடனுக்கும் இதற்கும் நடுவே கடலும் ஓலாந்து தீவுக்கூட்டமும் இருக்கின்றன. ஓலாந்தோடு குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. ஓலாந்து தன்னாட்சி பெற்ற பகுதி, அங்கே ஸ்வீடிஷ் மட்டுமே அலுவல் மொழி. பர்காஸ் பின்லாந்தின் மற்ற நகராட்சிகளைப் போன்ற ஒன்றுதான். தன்னாட்சி எதுவும் கிடையாது.

வரைபடத்தில் ஒரே ஊருக்கு மூன்று நான்கு பெயர் இருக்கிறதே, ஏன்?

2009 ஜனவரி 1 அன்று ஐந்து உள்ளாட்சிகளை ஒன்றாக்கினார்கள்: பர்காஸ், நாகு, கோர்ப்போ, ஹவுட்ஷேர், இனியோ. ஐந்துக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று 'மேற்கு ஓபூலாந்து' என்ற பொருளில் வெஸ்ட்-ஓபூலாந்து என்று பெயர் வைத்தார்கள். காகிதத்தில் பிறந்த பெயர், காகிதத்தோடு நின்றுவிட்டது. 2012-இல் மொத்த நகராட்சிக்குமே பர்காஸ் என்று மாற்றிவிட்டார்கள். ஆகவே இன்று 'பர்காஸ்' என்றால் மேற்கே கடலுக்குள் நீண்டு கிடக்கும் முழு நகராட்சியையும் குறிக்கும், கிழக்குக் கோடியில் இருக்கும் நகரத்தையும் குறிக்கும். எதைச் சொல்கிறார்கள் என்று இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

இதற்கு மேல், பின்லாந்தின் பெரும்பான்மை மொழியான பின்னிஷில் பெயர்கள் வேறு. பர்காஸுக்கு பராய்னென், நாகுவுக்கு நௌவோ, கோர்ப்போவுக்கு கோர்ப்போ-வேதான், கொஞ்சம் இழுத்து.

சரி, மொத்தம் எத்தனை தீவுகள்?

எண்ணுகிற ஆளைப் பொறுத்தது. பர்காஸ் அமைந்திருக்கும் கடலுக்கே தீவுக்கடல் என்றுதான் பெயர். தலைகாட்டும் சிறு பாறையைக்கூட விடாமல் எண்ணினால் அந்தக் கடல் முழுவதிலும் 40,000-க்கு மேல் வரும் என்பார்கள். அதில் ஆயிரக்கணக்கானவை இந்த நகராட்சிக்குள் வருகின்றன. எனக்கு அந்த எண்ணிக்கையைவிட இன்னொரு கணக்குதான் விஷயத்தை உறைக்கும்படி சொல்கிறது: நகராட்சியின் மொத்தப் பரப்பு 5,500 சதுர கிலோமீட்டருக்கு மேல். அதில் நிலம் 900-க்கும் குறைவு. மிச்சமெல்லாம் தண்ணீர். இவ்வளவு இடத்தில் வாழ்பவர்கள் ஏறக்குறைய 15,000 பேர், அவர்களிலும் பெரும்பகுதி பர்காஸ் நகரத்திலும் அதை ஒட்டியும்.

தீவு என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இங்கே யாரும் காலம் தள்ள முடியாது. ஆட்கள் குடியிருக்கத் தக்கதாய், மரமும் மண்ணும் உள்ள பெரியது 'ஓ'. கொஞ்சம் மரம் நிற்கும் சின்னத் தீவு 'ஹோல்மே'. காற்றடித்துக் கட்டாந்தரையாய்க் கிடக்கும் பாறைத் திட்டு 'ஷேர்'. யானை முதுகு மாதிரி மொழுக்கென்று எழும்பி நிற்பது 'கொப்பே'. மேலே தெரியாமல் அடியிலேயே பதுங்கிப் படகின் வயிற்றைக் கிழிப்பது 'கிருண்ட்'. தண்ணீருக்கும் அதேபோல் ரகம் உண்டு: திறந்த நீர்வெளி ஒன்று, இரு தீவுக்கு இடைப்பட்ட இடுக்கு ஒன்று, உள்வாங்கிய குடா ஒன்று என்று தனித்தனிச் சொல். இந்தப் பெயர்களைப் படிக்கத் தெரிந்தால் வரைபடமே வழி சொல்லும். ஊட்டோ என்றால் 'வெளித் தீவு', கடலின் விளிம்பில் இருப்பது. ஹவுட்ஷேர் என்ற பெயரின் வாலில் அந்தப் பாறைத் திட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

(ஒரு சின்னக் குறிப்பு: தீவைக் குறிக்கும் அந்த 'ஓ', தலைமேல் இரண்டு புள்ளி வைத்த எழுத்து. தமிழில் அந்த ஒலி கிடையாது. உதட்டை 'ஓ' சொல்லக் குவித்துக்கொண்டு உள்ளே 'ஏ' சொல்லிப் பாருங்கள், கிட்டத்தட்ட வந்துவிடும்.)

பின்லாந்தில் ஏன் ஸ்வீடிஷ் பேசுகிறார்கள்?

பின்லாந்து பல நூற்றாண்டுகள் ஸ்வீடன் அரசின் பகுதியாக இருந்தது. இடைக்காலத்தில், 12, 13-ஆம் நூற்றாண்டுகளை ஒட்டி, ஸ்வீடனிலிருந்து வந்த குடியானவர்களும் மீனவர்களும் இந்தக் கரைகளிலும் தீவுகளிலும் குடியேறினார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள்தான் இங்குள்ளவர்களில் பலர். 1809-இல் ஸ்வீடன் போரில் தோற்று பின்லாந்தை ரஷ்யாவிடம் விட்டது. 1917-இல் பின்லாந்து சுதந்திரம் பெற்றது. ஆட்சி மாறினாலும் கரையோரத்து மொழி மாறவில்லை. அரசியலமைப்பிலேயே பின்னிஷும் ஸ்வீடிஷும் இரண்டுமே தேசிய மொழிகள் என்று எழுதியிருக்கிறது. நாடு முழுவதும் பார்த்தால் ஸ்வீடிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 5 சதவீதம். பர்காஸில் பாதிக்கு மேல்.

'ஸ்வீடிஷ் பேசுபவர்கள் எல்லாம் பழைய ஆளும் வர்க்கம்' என்று பின்லாந்திலேயே ஒரு பேச்சு உண்டு. மேல்தட்டில் ஸ்வீடிஷ் கோலோச்சியது உண்மைதான். ஆனால் வலையை உலர்த்திக்கொண்டிருந்த கோர்ப்போ மீனவரிடம் போய் நீ ஆளும் வர்க்கம் என்றால் அவர் சிரித்திருப்பார்.

அப்படியென்றால் அவர்கள் தங்களை ஸ்வீடன்காரர்கள் என்று நினைக்கிறார்களா?

இல்லை. பின்லாந்துக்காரர்கள், வீட்டில் பேசுவது ஸ்வீடிஷ், அவ்வளவுதான். ஐஸ் ஹாக்கியில் பின்லாந்தும் ஸ்வீடனும் மோதினால் எந்தப் பக்கம் கத்துவார்கள் என்பதில் பொதுவாக யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இப்படி ஸ்வீடிஷைத் தாய்மொழியாகக் கொண்ட பின்லாந்துக்காரர்தான். பின்லாந்தின் படைத்தலைவராகவும் பின்னர் குடியரசுத் தலைவராகவும் இருந்த மன்னர்ஹெய்மும் அப்படியே.

பேச்சும் வேறு மாதிரி. ஸ்டாக்ஹோம் ஸ்வீடிஷில் சொற்கள் பாட்டுப்போல ஏறி இறங்கும். பின்லாந்து ஸ்வீடிஷ் சமதளத்தில் நடக்கும், எழுத்துகளைத் தெளிவாக உச்சரிக்கும். பின்னிஷ் சொற்களும் தாராளமாக வந்து கலக்கும்.

இருமொழி நகராட்சி என்கிறார்கள். அதை யார் முடிவு செய்கிறார்கள்?

கணக்கு முடிவு செய்கிறது. பின்லாந்தில் ஒவ்வொருவருக்கும் மக்கள்தொகைப் பதிவேட்டில் ஒரு தாய்மொழி பதிவாகியிருக்கும். ஒன்றுதான், இரண்டு போட முடியாது. அப்பா பின்னிஷ், அம்மா ஸ்வீடிஷ் என்று இரண்டும் பேசி வளரும் குழந்தைகள் இங்கே ஏராளம். அவர்களுக்கும் ஒரு கட்டத்தில்தான் பெற்றோர் டிக் அடித்தாக வேண்டும். எனக்கு இது கொஞ்சம் முரட்டுத்தனமான ஏற்பாடாகவே படுகிறது.

அந்தப் பதிவேட்டை வைத்து, ஒரு நகராட்சியில் சிறுபான்மை மொழி பேசுபவர்கள் குறைந்தது 8 சதவீதமோ, இல்லை 3,000 பேரோ இருந்தால் அது இருமொழி நகராட்சி. பத்தாண்டுக்கு ஒருமுறை அரசு இதை மறுபடி பார்த்து ஆணை வெளியிடும். துர்க்குவில் ஸ்வீடிஷ்காரர்கள் 8 சதவீதத்தைத் தொடவில்லை, ஆனால் தலை எண்ணிக்கை 3,000-ஐத் தாண்டுவதால் அதுவும் இருமொழி நகரமே. பர்காஸில் இந்தப் படம் தலைகீழ்: இங்கே சிறுபான்மை பின்னிஷ்தான்.

இருமொழி என்றால் நகராட்சி அலுவலகத்தில் எந்த மொழியில் பேசினாலும் பதில் சொல்லியாக வேண்டும், அறிவிப்புகள் இரண்டிலும் வர வேண்டும். பெயர்ப்பலகையில் பெரும்பான்மை மொழி மேலே, மற்றது கீழே. துர்க்குவின் பலகையில் 'துர்க்கு' மேலே, 'ஓபூ' கீழே. அங்கிருந்து அரைமணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து வந்தால் 'பர்காஸ்' மேலே ஏறிவிடுகிறது, 'பராய்னென்' கீழே இறங்கிவிடுகிறது. நாட்டின் எந்தப் பகுதியில் இருக்கிறோம் என்பதைச் சாலையோரத்து ஒரு தகரப் பலகையே சொல்லிவிடும்.

பள்ளிக்கூடம் எப்படி? பிள்ளைகள் இரண்டு மொழியிலும் படிக்கிறார்களா?

ஒரே வகுப்பில் இரண்டு மொழியில் பாடம் நடத்துவது வழக்கமில்லை. ஸ்வீடிஷ் பள்ளி தனி, பின்னிஷ் பள்ளி தனி. ஒன்றில் மற்ற மொழி ஒரு பாடமாக இருக்கும். ஸ்வீடிஷ் பள்ளிப் பிள்ளைகள் பின்னிஷை எப்படியும் கற்றுக்கொள்கிறார்கள், அது இல்லாமல் நாட்டில் பல வேலைகளுக்குப் போக முடியாது. பின்னிஷ் பள்ளிகளில் கட்டாய ஸ்வீடிஷ் பாடம் என்பது நாடு தழுவிய நிரந்தரச் சண்டை. தேர்தலுக்குத் தேர்தல் யாராவது அதைக் கையில் எடுப்பார்கள்.

மேற்படிப்புக்குத் துர்க்குவிலேயே ஓபூ அகாடமி இருக்கிறது, 1918-இல் தொடங்கிய ஸ்வீடிஷ்மொழிப் பல்கலைக்கழகம். கட்டாய ராணுவப் பயிற்சியைக்கூட ஸ்வீடிஷில் முடிக்க ட்ராக்ஸ்விக்கில் ஒரு படைப்பிரிவு உண்டு. பத்திரிகையும் அப்படித்தான். துர்க்குவிலிருந்து 1824 முதல் வரும் ஒரு ஸ்வீடிஷ் நாளிதழ், இன்றும் வெளிவரும் பின்லாந்து நாளிதழ்களில் மிகப் பழையது. பர்காஸுக்கென்றே 1912 முதல் ஓர் உள்ளூர்ப் பத்திரிகையும் இருக்கிறது. ஒரு மொழி நின்று பிழைக்க வீட்டுப் பேச்சு மட்டும் போதாது, இத்தனை தூண்கள் வேண்டியிருக்கின்றன.

எனக்கு இரண்டு மொழியும் தெரியாது. சமாளிக்கலாமா?

ஆங்கிலம் போதும். வணக்கம் சொல்ல 'ஹேய்', நன்றி சொல்ல 'டாக்'. இதைச் சொல்லிவிட்டு ஆங்கிலத்துக்குத் தாவினால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

தீவிலிருந்து தீவுக்கு எப்படிப் போவது?

சாலையில்தான். இதைப் புரிந்துகொண்டால் பர்காஸ் பாதி புரிந்த மாதிரி.

துர்க்கு அருகிலிருந்து கிளம்பும் 180-ஆம் எண் சாலை பாலங்கள் வழியாகப் பர்காஸ் தீவுகளுக்கு வந்து, மேற்கே லில்மேலோ என்ற இடத்தில் நேரே தண்ணீருக்குள் இறங்கிவிடுகிறது. அங்கே மஞ்சள் நிறப் படகு ஒன்று வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும். சட்டப்படி அந்தப் படகும் சாலையின் ஒரு துண்டு. சாலையில் போகக் காசு இல்லையே, ஆகவே படகுக்கும் காசு இல்லை. அரசு செலவில், பெரும்பாலும் ஃபின்ஃபெரீஸ் என்ற அரசு நிறுவனம் ஓட்டுகிறது. பேருந்தும் பயணிகளோடு அப்படியே படகில் ஏறும்.

துறையில் தரையில் வரிசைக்கோடுகள் போட்டிருக்கும். விளக்கு பச்சைக்கு மாறியதும் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக இரும்புச் சாய்தளத்தில் 'தடக் தடக்' என்று ஏறும். மஞ்சள் சட்டைக்காரர் கையைக் காட்டுவார், முன்வண்டியின் பின்புறத்தை முத்தமிடாத குறையாக நிறுத்த வேண்டும். கைபிரேக்கைப் போடு, எஞ்சினை அணை. இதற்குப் பிறகு யார் உள்ளூர், யார் வெளியூர் என்று சட்டென்று தெரிந்துவிடும். வெளியூர்க்காரர்கள் கதவைத் திறந்துகொண்டு கம்பியோரம் ஓடிப் படம் எடுப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் இருக்கையைச் சாய்த்துக் கண்ணை மூடுவார்கள். பத்து நிமிடம். எதிர்க்கரையில் சாய்தளம் இறங்கும் சத்தம் கேட்டதும், அதுவரை தூங்கியவர் போல இருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் எஞ்சினைக் கிளப்புவார்கள்.

அந்தக் கரை நாகு. நாகுவின் மறுகோடியில் இன்னொரு படகு, அது கோர்ப்போவுக்கு. கோர்ப்போவிலிருந்து அரைமணி நேரப் படகில் ஹவுட்ஷேர். லில்மேலோ வழித்தடத்தில் 2017 முதல் எலெக்ட்ரா என்ற மின்கலப் படகு ஓடுகிறது. கரையைத் தொட்டு வண்டிகள் இறங்கி ஏறும் சில நிமிடத்துக்குள் மின்சாரம் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடும். பனி கெட்டியாக இருக்கும் நாட்களுக்கு டீசலும் கைவசம் உண்டு.

இடுக்கு சிறியதாக இருந்தால் கம்பிவடப் படகு போட்டிருப்பார்கள். இரு கரைக்கும் இடையே கடலடியில் எஃகு வடம் கிடக்கும், படகு அதைப் பற்றிக்கொண்டு போய் வரும். சொந்தப் படகில் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அது நகரும்போது வடம் மேலே எழும்பும். குறுக்கே விடாதீர்கள்.

சாலையே இல்லாத வெளித் தீவுகளுக்குத் தனிக் கப்பல்கள் உண்டு. தபாலும் மளிகையும் மனிதர்களும் அதில்தான் போவார்கள்.

படகு தவறிவிட்டால்?

அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். லில்மேலோவில் பகலில் அடிக்கடி இருக்கும், பெரிய கவலை இல்லை. ஆனால் ஜூலை மாத வெள்ளிக்கிழமை மாலையில் கோடைவீட்டுக்குப் போகும் கூட்டம் முழுக்க அந்த ஒரே துறைக்கு வரும். அன்றைக்கு வரிசையின் வாலில் மாட்டினால் ஒன்று, இரண்டு, மூன்று படகு கண்ணெதிரே போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். சில வண்டிகள் பக்கவாட்டு வரிசையில் வந்து முன்னால் ஏறுவதைக் கண்டு கோபப்படாதீர்கள். அவசர ஊர்திகளுக்கும், அன்றாட வேலைக்காகக் கடக்கும் அனுமதி பெற்றவர்களுக்கும் முன்னுரிமை உண்டு.

பேசாமல் பாலம் கட்டிவிடலாமே?

பர்காஸையும் நாகுவையும் பாலத்தால் இணைப்பதா என்ற வாதம் நெடுநாளாக ஓடுகிறது. நடுவே உள்ள தண்ணீர் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. வேலைக்குத் துர்க்கு வரை போய்வரும் நாகுக்காரர் பாலம் வேண்டும் என்பார், நள்ளிரவில் பிரசவ வலி வந்தால் என்ன செய்வது என்று கேட்பார். பக்கத்து வீட்டுக்காரர் பாலம் வந்தால் தீவு தீவாக இருக்காது, துர்க்குவின் புறநகராகிவிடும் என்பார். யார் பணம் போடுவது, வண்டிக்குச் சுங்கம் வாங்குவதா என்பது அதற்கடுத்த சண்டை.

பாலம் என்பது ஒருமுறை கட்டி முடிகிற வேலையும் இல்லை. பர்காஸைப் பெருநிலத்தோடு இணைக்க கிர்யாலா தொங்குபாலம் 1963-இல் திறந்தது. அது வலுவிழந்ததால் கனரக வண்டிகளைக் கட்டுப்படுத்த வேண்டி வந்தது, பக்கத்திலேயே புதிதாக ஒன்று கட்டும் வேலையைத் தொடங்கினார்கள்.

தீவு வட்டச்சாலை என்பது என்ன?

துர்க்குவில் தொடங்கி பர்காஸ், நாகு, கோர்ப்போ, ஹவுட்ஷேர், இனியோ வழியாகச் சுற்றி மறுபடி துர்க்குவுக்கே வரும் சுமார் 250 கிலோமீட்டர் சுற்றுப்பாதை. சைக்கிளில் போகிறவர்கள் நாலைந்து நாள் எடுத்துக்கொள்வார்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஹவுட்ஷேருக்கும் இனியோவுக்கும் இடையிலான படகு கோடையில் மட்டுமே ஓடும், அதற்குக் கட்டணமும் உண்டு. அது ஓடாத காலத்தில் வட்டம் வட்டமாக இருக்காது, போன வழியே திரும்ப வேண்டும்.

கடல் உறைந்துபோனால்?

நல்ல குளிர்காலத்தில் உள்தீவுகளுக்கு இடையே கடல் கெட்டியாகிவிடும். படகு தன் தடத்தை உடைத்துக்கொண்டே போகும். பனி போதிய கனம் ஏறினால் அதன்மேல் சாலையே குறிப்பார்கள், கார் போகும். முன்பெல்லாம் ஆண்டுதோறும் எதிர்பார்த்த விஷயம், இப்போது பல ஆண்டுகளில் அந்தக் குளிர் வருவதே இல்லை. உண்மையில் தீவுக்காரர்களைப் படுத்துவது கெட்டியான பனி அல்ல, அரைகுறைப் பனிதான். நடக்கவும் தாங்காது, சிறு படகையும் விடாது. அதற்கென்று காற்றுமெத்தையில் மிதந்து போகும் ஹோவர்கிராஃப்ட் கலங்களும், விமானச் சுழலி பூட்டிய பனிப்படகுகளும் வைத்திருக்கிறார்கள்.

உடம்புக்கு முடியாமல் போனால் என்ன வழி?

112. இடத்தைப் பொறுத்து ஆம்புலன்ஸோ, மீட்புப் படகோ, ஹெலிகாப்டரோ வரும்.

மக்கள் பிழைப்புக்கு என்ன செய்கிறார்கள்? எல்லாரும் மீனவர்களா?

இல்லை, மீனை நம்பி வாழும் குடும்பங்கள் இப்போது விரல்விட்டு எண்ணக்கூடியவை. பர்காஸ் நகரத்தின் அஸ்திவாரம் சுண்ணாம்புக்கல். ஊர் நடுவிலேயே, குடியிருப்புகளுக்குப் பக்கத்தில், ஒரு பிரம்மாண்டமான திறந்த சுரங்கம் கிடக்கிறது. வேலியோரத்துப் பார்வை மேடையில் நின்று எட்டிப் பார்த்தால் அடுக்கடுக்காக வெட்டிய வெள்ளைச் சுவர்களும், நூறு மீட்டருக்கும் ஆழத்தில் பொம்மைபோல் ஊரும் லாரிகளும். சுற்றிலும் கடல், நடுவில் கடல் மட்டத்துக்கு வெகு கீழே ஒரு குழி. இடைக்காலத்திலேயே இங்கே சுண்ணாம்பு சுட்டார்கள். 1898-இல் நிறுவனம் தொடங்கிப் பெரிய அளவில் வெட்ட ஆரம்பித்தார்கள், 1914-இல் சிமெண்ட் ஆலையும் வந்தது. கனிமவியல் படித்தவர்களுக்கு பர்காசைட் என்ற பெயர் தெரிந்திருக்கும். அந்தக் கனிமம் இந்த ஊரின் பெயரைத்தான் சுமக்கிறது.

மற்றபடி விவசாயம், படகு கட்டுதல், கட்டுமானம், கப்பல் வேலை, சுற்றுலா. ஆயிரக்கணக்கான கோடைவீடுகள் இருப்பதால் தச்சர், குழாய் வேலைக்காரர், படகு மெக்கானிக் யாருக்கும் வேலைக்குப் பஞ்சமில்லை.

செய்லி தீவைப் பற்றிப் பயங்கரமாகச் சொல்கிறார்களே?

ஸ்வீடிஷில் ஷேலோ, நாகு பக்கத்தில் இருக்கிறது. 1619-இல் மன்னர் இரண்டாம் குஸ்தாவ் அடோல்ஃப் ஆணையால் இங்கே தொழுநோயாளிகளுக்கு மருத்துவமனை ஏற்பட்டது. மருத்துவமனை என்பது மரியாதைக்கான பெயர், உண்மையில் ஊரைவிட்டு ஒதுக்கி வைக்கும் இடம். வருகிறவர்கள் தங்கள் சவப்பெட்டிக்கான பலகையையும் கொண்டுவர வேண்டியிருந்தது என்று இன்றும் சொல்வார்கள். கடைசித் தொழுநோயாளி 1785-இல் இறந்தார். அதன்பின் மனநல விடுதியாக 1962 வரை நடந்தது, பிற்காலத்தில் அங்கே வைத்திருந்தவர்கள் எல்லாரும் பெண்கள். பெரும்பாலோர் திரும்பிப் போகவில்லை.

1733-இல் கட்டிய மரத் தேவாலயம் இன்றும் நிற்கிறது. சாயம் பூசாத வெறும் மரம், உள்ளே போனால் பழைய பலகையின் வாசம். தொழுநோயாளிகளை மற்றவர்களிடமிருந்து பிரிக்கத் தனி இடம் ஒதுக்கியிருந்தது இப்போதும் தெரிகிறது. 1964 முதல் மருத்துவமனைக் கட்டடத்தில் துர்க்கு பல்கலைக்கழகத்தின் தீவுக்கடல் ஆய்வு நிலையம் இயங்குகிறது. கோடையில் படகில் வந்து, நடந்து பார்த்து, காபி குடித்துவிட்டுப் போகலாம். அமைதியான, அழகான தீவு. அதுதான் கொஞ்சம் சங்கடப்படுத்துகிறது.

ஊட்டோ வரை போவது வேண்டியதா?

நேரம் இருந்தால் கட்டாயம். பின்லாந்தில் ஆண்டு முழுவதும் ஆட்கள் வாழும் தீவுகளில் தென்கோடி அதுதான். நாகுவின் பர்னேஸ் துறையிலிருந்து கப்பலில் பல மணி நேரம். போகப்போக மரங்கள் குட்டையாகும், தீவுகள் வழுக்கையாகும், கடைசியில் வானமும் பாறையும் மட்டும். ஏறக்குறைய நாற்பது பேர் வாழ்கிறார்கள். பின்லாந்தின் முதல் கலங்கரை விளக்கம் 1753-இல் இங்கேதான் எழுந்தது. 1808–09 போரில் அது அழிந்தது. இப்போது இருக்கும் சிவப்பு வெள்ளைச் சதுரக் கோபுரம் 1814-ஆம் ஆண்டுடையது, அதற்குள்ளேயே ஒரு தேவாலய அறை உண்டு.

வழிகாட்டிப் படகோட்டிகளின் தீவு இது. 1947 கிறிஸ்துமஸ் இரவில் பார்க் விக்டரி என்ற அமெரிக்க நிலக்கரிக் கப்பல் புயலில் பாறையில் மோதியபோது இந்தத் தீவினர்தான் தப்பியவர்களைக் கரை சேர்த்தார்கள். பத்துப் பேர் இறந்தனர். 1994 செப்டம்பர் 28 அன்று 852 பேரைப் பலிகொண்ட எஸ்டோனியா கப்பல் மூழ்கியதும் ஊட்டோவுக்குத் தெற்கே உள்ள கடலில்தான். மீட்டவர்களில் சிலரை ஹெலிகாப்டர்கள் முதலில் இந்தத் தீவில்தான் இறக்கின.

கடல் எப்படி இருக்கும்? குளிக்கலாமா?

குளிக்கலாம், ஜூலையில். தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தால் உப்பே தெரியாத மாதிரி இருக்கும். பெருங்கடலில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்றால் இங்கே 6 கிராம் அளவுதான். அதனால் ஆற்று மீனான பெர்ச்சும் கடல் மீனான பால்டிக் ஹெர்ரிங்கும் ஒரே வலையில் வரும். ஏற்றவற்றமும் சொல்லும்படி கிடையாது.

குறை ஒன்று உண்டு, மறைக்க வேண்டாம். வயல்களின் உரம் ஓடி வந்து சேர்ந்து கோடையின் பிற்பகுதியில் நீலப்பச்சைப் பாசி பட்டாணி ரசம்போல் படர்கிறது. அது தெரிந்தால் இறங்காதீர்கள், குழந்தைகளையும் நாயையும் விடாதீர்கள்.

இன்னொரு விநோதம்: இங்கே நிலம் மேலே எழும்பிக்கொண்டிருக்கிறது. பனியூழியில் கிலோமீட்டர் கணக்கில் கனமுள்ள பனி அழுத்திக்கொண்டிருந்தது. பாரம் இறங்கிப் பத்தாயிரம் ஆண்டாகியும் தரை இன்னும் நிமிர்ந்து முடியவில்லை. ஆண்டுக்கு ஏறக்குறைய 4 மில்லிமீட்டர், நூறாண்டில் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. கடல் மட்டம் உயர்வதால் அதன் பலன் இப்போது குறைந்து வருகிறது. ஆனாலும் தாத்தா படகு கட்டிய இடம் பேரனுக்குப் புல்வெளியாக இருப்பது இங்கே சாதாரணம்.

யார் நிலத்திலும் நடக்கலாம் என்பது உண்மையா?

பெரும்பாலும் உண்மை. வீட்டு முற்றம், பயிர் நிற்கும் வயல் தவிர எங்கும் நடக்கலாம், காட்டுப் பழமும் காளானும் பறிக்கலாம், ஓரிரு இரவு கூடாரம் போடலாம். நெருப்பு மூட்ட நிலத்துக்காரரின் அனுமதி வேண்டும், காட்டுத்தீ எச்சரிக்கை இருக்கும்போது அறவே கூடாது.

உண்ணி அதிகம் என்கிறார்களே?

அதிகம்தான். லைம் நோயும் மூளைக்காய்ச்சலும் பரப்பும் உண்ணிகள் இந்தத் தீவுகளில் இருக்கின்றன. இங்கே நிரந்தரமாக வாழ்பவர்களுக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசியை அரசே இலவசமாகப் போடுகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நீளக் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு நடங்கள், ராத்திரி உடம்பைச் சோதியுங்கள். முழங்காலின் பின்புறத்தை மறக்காதீர்கள்.

எந்த மாதம் போவது நல்லது?

கூட்டம் பிடிக்குமென்றால் ஜூன் பிற்பாதி. கோடை நடுநாளில் தழையும் பூவும் சுற்றிய கம்பம் நடுவார்கள், அது ஸ்வீடிஷ் பேசும் ஊர்களின் வழக்கம். பின்னிஷ் ஊர்களில் அன்றைக்குச் சொக்கப்பனை. இரவு பதினொரு மணிக்கும் வெளிச்சம் மிச்சமிருக்கும்.

என்னைக் கேட்டால் ஆகஸ்ட் கடைசி. தண்ணீரில் இன்னும் சூடு இருக்கும், வரிசைகள் காலியாக இருக்கும். அந்த மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை இரவு கரைநெடுகத் தீ மூட்டுவார்கள். எதிரி வந்தால் தீவுக்குத் தீவு நெருப்பால் சேதி சொன்ன பழைய காலத்தின் நினைவு அது. கோடைவீட்டைப் பூட்டிக் கிளம்பும் நாளும் பலருக்கு அதையொட்டியே வரும்.

என்ன சாப்பிடலாம், என்ன வாங்கி வரலாம்?

புகைபோட்ட மீன், வெண்ணெயில் பொரித்த ஹெர்ரிங், சதகுப்பை எனப்படும் டில் கீரை தூவிய புது உருளைக்கிழங்கு. வாங்கி வர ஒன்றே ஒன்று: 'ஷேர்கோர்ட்ஸ்லிம்பா' என்ற தீவு ரொட்டி. கோதுமைக்கு உறவான ரை என்ற தானியத்தின் மாவு, மால்ட், சர்க்கரைப்பாகு, மோர் சேர்த்துப் பிசைந்து, மிதமான சூட்டில் வெகுநேரம் சுட்டது. கறுப்பாக, கனமாக, வெல்லம் கலந்த மாதிரி இனிக்கும். கடைக்கு அடிக்கடி போக முடியாத தீவில் வைத்திருந்து தின்னத் தோதான ரொட்டி என்பதால் நாள்பட்டால் கெடாது, சுவைதான் கூடும். வாங்கிய அன்றே வெட்டாதீர்கள். இரண்டு நாள் துணியில் சுற்றி வைத்து, மெல்லிசாகச் சீவி, வெண்ணெயைத் தாராளமாகத் தடவுங்கள்.